மூலை எரியாத அட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ராமலட்சுமி பாயை விரித்தாள். ஒரு பக்கம் உரசி வெளுத்த புளியங்கொட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டாள். அட்டைக் கட்டு இல்லை.

மேல்தட்டில் துழாவினாள். துணிமணிகளை எடுத்து உதறிப் பார்த்தாள்.

"எம்மா, இங்கன ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு அட்டை வச்சிருந்தேன். எங்க?"

வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக் கொடுக்கும் அம்மா சீனித்தாயின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "பெட்டி அட்டையா? அத ஒட்டி அனுப்பியாச்சே."

"ஒட்டி அனுப்பியாச்சா?"

"வெள்ளிக்கெழம ஒட்டுன கட்டுல கொஞ்சம் கொறஞ்சுது. அலமாரில பாத்தா நம்ம மார்க்கு அட்டை. நாந்தான் எடுத்து வச்சிட்டு மறந்துட்டேன்னு நெனச்சு சேத்து ஒட்டிட்டேன்."

"பின்னால பென்சில்ல எழுதியிருந்துச்சே. அத பாக்கலியா?"

"பாத்தேன். பிரஸ்காரன் ஏதோ கணக்கு போட்டிருப்பான்னு நெனச்சேன். எழுத்து உள்பக்கமாத்தான போவுது, அத யாரு பாக்கப் போறா." சீனித்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தாள். "ஒங்க வெளையாட்டு அட்டைய நான் தொடல தாயி. மூலை கரிஞ்சு கெடந்ததெல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன். அந்தா, மொறத்துல இருக்கு பாரு."

முறத்தில் அவை இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூலை கருகியிருந்தது. ராமலட்சுமி அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. விளையாட்டில் முடிந்துபோன சோலிகள் வீட்டில் பத்திரமாக இருந்தன. முடியாதவை எல்லாம் தீப்பெட்டியாகி வீட்டைவிட்டுப் போயிருந்தன.

தம்பியைக் கூப்பிட்டபடி வாசலுக்கு ஓடினாள். விளையாட்டு கெட்டதற்காக அல்ல. அந்த அட்டைகள் வீட்டுக்கு வந்திருக்கவே கூடாதவை.

கோவில்பட்டியில் ஒரு லித்தோ அச்சகத்தில் ராமலட்சுமிக்குச் செக்கிங் மேசையில் வேலை. தீப்பெட்டியின் மேல்பெட்டிக்கான அட்டை அங்கேதான் அச்சாகும். பனங்காய் வண்டிப் படம் போட்ட மார்க்கு. வண்டியின் சிவப்புச் சக்கரம் கறுப்புக் கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நூலளவு விலகினாலும் அந்த அட்டை கழிவு. நாள் முழுக்க அட்டைகளை விசிறிபோல விரித்து, விலகிய சக்கரங்களைப் பொறுக்கி எடுப்பதுதான் அவள் வேலை. பத்தாவது முடித்த கையோடு போய் உட்கார்ந்த மேசை அது. வருடங்கள் ஓடி, அந்த இரண்டாயிரத்து ஒன்றில் வயது முப்பதை நெருங்கியிருந்தது.

கழிவு அட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அச்சகத்தின் முதல் விதி. வெளியே போனால் எவனாவது அதில் போலிப் பெட்டி செய்து அதே மார்க்கில் விற்பான். மார்க்குக்குச் சொந்தக்காரர் எங்காவது கடையில் ஒரு விலகிய சக்கரத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த நிமிடம் அச்சகத்துக்குப் போன் வரும். முன்பு ஒருமுறை வந்தது. அந்த மேசையிலிருந்த இரண்டு பெண்களை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

இது தெரிந்தும் ராமலட்சுமி சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் நாலைந்து கழிவு அட்டைகளைப் போட்டுக் கொண்டுவருவாள். முன்பக்கம் படம், பின்பக்கம் வெள்ளை. எழுத அதைவிட வாகான அட்டை ஊரில் கிடையாது.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி காமராஜ். கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதியில் கற்றுக்கொண்டான். ஒருவர் ஒரு நாட்டைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அந்த நாட்டுக்குள் போக வேண்டும். என்ன செய்கிறார்கள் என்பதை அவர்களே சொல்லலாம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்; இங்கே புளியங்கொட்டைதான் பகடை, வெள்ளை கூடுதலாக விழுந்தால் பலிக்கும். காமராஜ் சொன்ன நாட்டில் எல்லாரும் முதல் நாளே செத்துப்போனார்கள். இரண்டாம் வாரம் ராமலட்சுமி, "நவுரு, நான் சொல்லுதேன்" என்றாள். அவள் சொன்னது மேகங்களை ஒருவன் கோட்டைக்குள் கட்டிவைத்திருக்கும் நாடு. வெடித்துக் கிடக்கும் கரிசல் பூமியில் மூன்று பேர் நடந்து போகிறார்கள். லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் காமராஜ் அதில் திருடன். ரெடிமேட் கம்பெனியில் தைக்கும் பக்கத்து வீட்டு விஜி மருத்துவச்சி. லோடு ஆட்டோ ஓட்டும் சங்கரபாண்டியன் கொல்லன்.

சிக்கல் ஒன்றுதான். வழியில் யார் என்ன கேட்டாலும் மூவரும் சரி என்பார்கள்; அடுத்த ஞாயிறு மறந்துவிட்டு வருவார்கள். அதற்காக ராமலட்சுமி கண்டுபிடித்ததுதான் சோலி அட்டை. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. யார் கேட்டார், என்ன கேட்டார், செய்யாவிட்டால் யாருக்கு என்ன ஆகும். இந்த மூன்று வரிதான் அதில் இருக்கும். சோலியை ஏற்றவர் முன்னால் அந்த அட்டை கிடக்கும். முடித்ததும் அவரே ஒரு தீக்குச்சியைக் கிழித்து அட்டையின் மூலையைக் கருக்க வேண்டும். அந்த வாசனைக்காகவே காமராஜ் சோலி முடிப்பான். கிடப்பில் போட்ட அட்டையைக் கொஞ்ச காலம் பொறுத்து ராமலட்சுமி எடுத்து மூன்றாவது வரியை வாசிப்பாள். அந்த வரி பெரும்பாலும் ஏற்றவர் தலையில் விழாது. சும்மா நின்ற எவர் தலையிலாவது விழும். "செய்யாதவனுக்கு ஒண்ணுமில்ல, அடுத்தவனுக்கு அடியா? இது என்ன நாயம்?" என்று சங்கரபாண்டியன் கேட்டபோது, "எங்க பிரஸ் நாயம்" என்றாள்.

சங்கரபாண்டியனும் விஜியும் வந்தபோது அக்காளும் தம்பியும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கெழம எங்க வீட்டுப் பெட்டிய எங்க எறக்குனீய?"

"இடைசெவல் ரோட்டு ஆபீஸ்ல. ஏன் தாயி?"

அந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ராமலட்சுமி நடந்ததைச் சொன்னாள். சங்கரபாண்டியன் தலையில் கைவைத்தார்.

"நானே ஏத்தி நானே எறக்கியிருக்கேனே. இன்னிக்கு ஞாயிறுன்னாலும் அங்கன வேல நடக்கு. பொழுதடைய வடக்க லாரி போவுது. இந்நேரம் குச்சி அடைச்சு பக்க மருந்து தடவியிருப்பாவ."

"லாரி போயிட்டா?"

"போயிட்டா போனதுதான். ஏறுங்க."

விஜி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். லோடு ஆட்டோவின் பின்தட்டில் மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தினார்கள். ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல். பருத்திச் செடிகளில் புழுதி படிந்திருந்தது.

"எத்தன அட்டைக்கா?" என்றான் காமராஜ்.

ராமலட்சுமிக்குத் தெரியாது. எண்ணி வைக்கும் பழக்கமில்லை. எத்தனை போயிற்று என்று தெரியாமல் எப்போது தேடி முடிப்பது?

"ஒங்க கையில பாக்கி இருக்குற சோலியெல்லாம் சொல்லுங்க" என்றாள். "ஒண்ணு விடாம."

"உப்பு வியாபாரியோட கழுத" என்றாள் விஜி.

"அது முடிஞ்சிருச்சுல்ல" என்றான் காமராஜ். "நான் கண்டுபிடிச்சேனே."

"கண்டுபிடிச்சு வித்துட்டே. சேக்கலியே."

"வித்த காசுல ஒனக்குத்தானட்டி மருந்து வாங்குனேன்."

"ஏலே காமராசு, கழுத பாக்கி. ஒத்துக்கோ" என்று சங்கரபாண்டியன் முன்னாலிருந்து கத்தினார். "என் கணக்குல கோட்டைக் கதவுக்குச் சாவி அடிக்கது ஒண்ணு. அந்தத் தலையாரிக்கு மணி வார்த்துக் குடுக்கேன்னு சொன்னது ஒண்ணு."

ராமலட்சுமி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். காமராஜிடம் ஊமைப் பெண்ணின் கொலுசும், சந்தையில் தொலைந்த ஓலையும் பாக்கி. விஜியிடம் கண்ணாடிப் பாம்பின் விஷமும், இரட்டைப் பிள்ளைகளின் காய்ச்சலும். மூவரும் சேர்ந்து ஏற்றது மேகங்களை அவிழ்த்துவிடும் சோலி. மொத்தம் எட்டு.

"எட்டுதானா? நல்லா யோசிங்க."

"எட்டுதான்" என்றார்கள்.

ஆபீஸ் வாசலில் பூவனலிங்கம் நின்றிருந்தார். பண்டல் ஏற்றுகிற பொறுப்பு அவருடையது. காக்கிச் சட்டைப் பையில் பேனாவும் பீடிக்கட்டும் இருந்தன. பீடி பிடிக்க ரோட்டுக்கு அப்பால் போய்வருவார். லாரி ஏற்கனவே பின்பக்கம் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது.

"என்ன சங்கரபாண்டியா, குடும்பத்தோட வந்திருக்க?"

"அண்ணாச்சி, வெள்ளிக்கெழம எறக்குன பெட்டில கொஞ்சம் ஈரம் பட்டிருச்சு போல. ஒட்டுன வீட்டு ஆளுகள கையோட கூட்டியாந்துட்டேன். பொறுக்கிட்டுப் போயிருதோம்."

ஈரம் என்ற சொல்லுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் தனி மரியாதை உண்டு. பூவனலிங்கம் முகம் மாறியது. "வெரசா பாருங்க. டஜன் கட்ட ஆரம்பிச்சாச்சு."

உள்ளே நீளக் கொட்டகை. குச்சி உரசுகிற பக்க மருந்து தடவிய பெட்டிகள் சட்டங்களில் அடுக்கடுக்காக உலர்ந்துகொண்டிருந்தன. மறுகோடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டஜன் டஜனாகத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை போகிற வேகத்தைப் பார்த்ததும் விஜி, "யக்கா, இதுல எப்படி?" என்றாள்.

"எழுத்தத் தேடாதீங்க. சக்கரத்தப் பாருங்க. செவப்பு கோட்டத் தாண்டி நிக்கும்."

மற்ற மூவருக்கும் எல்லாச் சக்கரமும் ஒன்றுபோலத் தெரிந்தது. காமராஜ் ஒரு பெட்டியைத் தூக்கி, "இதா?" என்றான். இல்லை. விஜி ஒன்றை நீட்டினாள். அதுவும் இல்லை. ராமலட்சுமி ஒரு சட்டத்தின் முன் நின்று கண்ணை ஓட்டினாள். அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தாள். மேசையில் உட்கார்ந்தபடி பார்க்கிற கண் நடந்துகொண்டே பார்க்கத் தடுமாறியது. மூன்றாவது சட்டத்தில் ஒரு சக்கரம் பல்லிளித்தது. எடுத்து அடிப்பெட்டியைத் தள்ளினாள். குச்சிகள் உள்ளங்கையில் கொட்டின. மேல்பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே அவள் கையெழுத்து.

"கொலுசு" என்றாள்.

காமராஜ் கண்ணை மூடித் திறந்தான்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. பாம்பு கிடைத்தது. சாவி கிடைத்தது. கழுதையும் காய்ச்சலும் ஒரே சட்டத்தில் இருந்தன. சுற்றுகிற பெண்களில் ஒருத்தி, "என்னத்தத் தேடுதீய, தங்கமா?" என்றாள். "கழுதக்கா" என்றான் காமராஜ். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. ராமலட்சுமி திரும்பவில்லை. ஓலை. மணி. கடைசிச் சட்டத்தின் அடிவரிசையில் மேகங்கள்.

எட்டு.

சங்கரபாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியே பண்டல்கள் லாரியில் விழும் சத்தம் கேட்டது. ராமலட்சுமி எட்டுப் பெட்டிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். மதியத்திலிருந்து குடிக்காத தண்ணீர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பானையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தபோது விஜி பக்கத்தில் வந்தாள்.

"யக்கா. மதகுக் கெழவி."

"எந்தக் கெழவி?"

"சோலி அட்டை ஆரம்பிச்ச வாரம். நீங்க எழுதுன மொத அட்டை. கொளத்து மதகுல காவலிருக்குற கெழவி, காளைக்குக் கண்ணு தெரியல, மருந்து கொண்டு வான்னு சொல்லும்லா. நான் கொண்டு வாரேன்னு சொன்னேன். அப்புறம் நாம அந்தப் பக்கம் போகவே இல்ல."

ராமலட்சுமி சொம்பைக் கீழே வைத்தாள். முதல் அட்டை கட்டின் அடியிலேயே கிடந்தது. மூன்றாவது வரியை வாசிக்க அவளும் மறந்திருந்தாள்.

சட்டங்களை மறுபடி பார்த்தாள். ஒவ்வொன்றாக, கைவிரலால் தொட்டுத் தொட்டு. இல்லை. சுற்றாமல் மிச்சமிருந்தவற்றைப் பார்த்தாள். இல்லை. அப்படியென்றால் சுற்றிய டஜனுக்குள் இருந்தது, டஜன் பண்டலுக்குள், பண்டல் லாரியில். ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுதானே" என்றார் சங்கரபாண்டியன் தணிந்த குரலில். "கடல்ல கரைச்ச பெருங்காயம். விட்ருவோம்."

"அதுலதான் சக்கரம் ரொம்ப வெலகியிருக்கும் அண்ணாச்சி. படமே வேடிக்கையா இருக்குன்னுதான் மொத அட்டையா அத எடுத்தேன்."

அவள் நேரே பூவனலிங்கத்திடம் போனாள். ஈரக் கதை வேண்டாம் என்று முடிவுசெய்திருந்தாள். கழிவு அட்டை, தூக்கு, விளையாட்டு, அம்மா ஒட்டியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"வெளையாட்டுக்கா?" என்றார் அவர்.

"ஆமா."

"லாரிய அவுக்க முடியாது தாயி. அவுத்தா ஏன்னு மொதலாளிக்குச் சொல்லணும். சொன்னா ஒங்க பிரஸ்ஸுக்குப் போன் போவும்." டிரைவருக்குக் கை காட்டினார். "நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லல. போ."

லாரி ரோட்டில் ஏறியது. புழுதி அடங்கும்வரை நான்கு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

திங்கட்கிழமை அவள் மேசையில் உட்கார்ந்தாள். மேனேஜர் தங்கச்சாமியின் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் விரித்த விசிறி கையில் மடங்கியது. லாரி இன்னும் பாதி வழிகூடப் போயிருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை ஒரு விலகிய சக்கரத்தைப் பார்க்காமல் விட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த வேலுத்தாய் அதைப் பொறுக்கி எடுத்து, சத்தமில்லாமல் கழிவில் போட்டாள். வேலுத்தாய்க்கு இரண்டு பிள்ளைகள். கணவன் விளாத்திகுளத்துப் பக்கம் மிளகாய்க் காட்டுக்குப் போய் வருகிறவன். மாதம் தவறாமல் வருவது இந்த மேசைச் சம்பளம் ஒன்றுதான்.

"ஒடம்பு சொகமில்லையா?" என்றாள் வேலுத்தாய்.

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

போன் வந்தால் யாருடைய கழிவு என்று கேட்க மாட்டார்கள். எந்த மேசை என்றுதான் கேட்பார்கள். முன்பு போன இரண்டு பெண்களில் ஒருத்தி ஒன்றும் அறியாதவள் என்பது மேசையில் எல்லாருக்கும் தெரியும். மதகுக் கிழவி அட்டையின் மூன்றாவது வரி ராமலட்சுமிக்கு இப்போது நன்றாக நினைவிருந்தது. குருட்டுக் காளை மதகில் மோதும். உடைந்த தண்ணீர் கீழூர்க்காரர் வீடுகளுக்குள் போகும். கீழூர்க்காரர்கள் அந்தக் கதையில் வந்ததே இல்லை.

மத்தியானச் சங்கு ஊதியதும் எல்லாரும் தூக்கைத் திறந்தார்கள். ராமலட்சுமி எழுந்து தங்கச்சாமியின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். அன்று முந்தானையில் முடிந்து வந்திருந்த எட்டு மேல்பெட்டிகளை அவர் முன்னால் அடுக்கினாள். அவர் ஒன்றை எடுத்துச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு உள்ளே பார்த்தார்.

"கழுதையை உப்பு வியாபாரியிடம் சேர்க்க வேண்டும்" என்று வாசித்தார். "சேர்க்காவிட்டால் ஊருக்கே உப்பில்லை." நிமிர்ந்தார். "இது நீ எழுதுனதா?"

"ஆமா சார்."

"இன்னொண்ணு வெளிய போயிருச்சு."

"ஆமா சார். நான் எடுத்ததுதான். மேசைல வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல."

தங்கச்சாமி மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெளியே கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது இறங்கும் சத்தத்தின் பக்கம் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"போன் வந்தா ஒன்ன நான் காப்பாத்த முடியாது" என்றார். "வராட்டியும் அந்த மேசை ஒனக்கு இனிமே கெடையாது. நாளைலேருந்து தாள் அடுக்கப் போ. சம்பளம் கொறையும்." பிறகு எட்டுப் பெட்டிகளையும் அவள் பக்கமே தள்ளினார். "இதக் கொண்டுபோய் எரி. என் கண்ணுல படக்கூடாது."

மறுநாளிலிருந்து அச்சகத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. கழிவு அட்டைகளைக் கட்டாகக் கட்டி, கட்டிங் மிஷினில் ஒரு மூலையை வெட்டிவிட்டுத்தான் மூட்டையில் போட வேண்டும். மூலை போன அட்டையில் பெட்டி ஒட்ட முடியாது. எதற்காக இது என்று யாரும் சொல்லவில்லை. வேலுத்தாய் மட்டும் தாள் அடுக்கும் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த ஞாயிறு பாய் விரிந்தபோது புளியங்கொட்டையை யாரும் தொடவில்லை. எட்டுப் பெட்டிகளும் எரிந்து அடுப்புச் சாம்பலோடு போயிருந்தன. ராமலட்சுமி பழைய காலண்டர் அட்டையை நறுக்கி, எட்டுச் சோலிகளையும் மறுபடி எழுதி வைத்திருந்தாள்.

"போன் வந்துச்சாக்கா?" என்றான் காமராஜ்.

"இன்னும் இல்ல."

"வருமா?"

"தெரியல."

விஜி தன் முன்னாலிருந்த அட்டைகளை எண்ணினாள். பாம்பு, காய்ச்சல். ராமலட்சுமியின் கையில் வெறும் அட்டை ஒன்று மிச்சமிருந்தது. அதில் என்ன எழுதுவது என்று அவள் இன்னும் முடிவுசெய்யவில்லை. கிழவி ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தாள். விதிப்படி மதகு உடைந்திருக்க வேண்டும்.

"மதகு ஒடைஞ்சிருச்சா?" என்றாள் விஜி.

"வாசிக்காத வரி பலிக்காதுல்லா" என்றார் சங்கரபாண்டியன். "நீங்க வாசிக்கலியே தாயி."

"அட்டை கையில இல்லியே அண்ணாச்சி, வாசிக்க."

"அப்ப ஒடையல" என்றாள் விஜி. அட்டைக்காகக் காத்திருக்கவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "கோட்டைக்கு அப்புறம் போவலாம். இப்ப நாங்க திரும்பி நடக்கோம். ராவும் பகலுமா. மதகுக்குப் போறோம்."

"ஏட்டி, அது நாட்டோட அந்தக் கோடி" என்றான் காமராஜ்.

"நட."

விஜி புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் பாயில் உருட்டினாள். கடைசிக் கொட்டை பாயின் ஓரம்வரை ஓடிச் சுழன்றது. அது வெள்ளைப் பக்கம் விழுகிறதா கறுப்புப் பக்கமா என்று நான்கு பேரும் குனிந்தார்கள்.